இஸ்தோப்பில் படுக்கும் மனிதர்

பெண்கள் வார்டு,
கொழும்பு.
18.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் பிள்ளைகள் சர்மிளாவும் வினோஜனும் சுகமாக இருக்க நம் தோட்டத்து மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை வைத்துக்கொண்டு சுகம் என்று எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நம் லயத்து வீடுகளில் சிக்னல் இல்லை. நீங்கள் கோயில் பாறைமேல் ஏறி நின்று கத்த வேண்டும். நீங்கள் கத்தினால் பொகவந்தலாவை டவுன் வரைக்கும் கேட்கும். இந்தப் பக்கம் வார்டில் இருபத்திரண்டு கட்டில். நான் சொல்ல வேண்டியதோ இடுப்புக்குக் கீழே உள்ள சமாச்சாரம். தோட்டத்து ஆபீசுக்கு எழுதினால் கடிதம் பத்துக் கை மாறித்தான் வரும், அதனால் டவுனில் பைஸர் நானா கடை விலாசத்துக்குப் போடுகிறேன். நீங்கள் எழுதுவதையும் அவரிடமே கொடுங்கள், தபாலில் சேர்த்துவிடுவார்.

போன திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது. கதிர் வைப்பது என்று டாக்டர் சொல்கிறார், வார்டில் எல்லோரும் கரண்ட் வைப்பது என்கிறார்கள். இடுப்பில் பேனாவால் கோடு போட்டு, குளிக்கும்போது அழித்துவிடாதே என்றார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். பெரிய மெஷின் ஒன்று சுற்றி வரும். சூடும் இல்லை, வலியும் இல்லை. முதல் நாள் பாவாடையை இறக்கச் சொன்னபோது அழுதேன். ஐந்தாம் நாள் நானே இறக்கிவிட்டு, மெஷின் ஓட்டுகிற பையனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மல்லி, சீக்கிரம், மூத்திரம் முட்டுது" என்றேன். அந்தப் பிள்ளைதான் வெட்கப்பட்டது.

இப்படி இருபத்தைந்து நாள். வாரத்துக்கு ஒரு தடவை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுவார்கள். பிறகு உள்ளே குழாய் வைத்துச் செய்கிற சிகிச்சை நான்கு முறை. இரண்டாம் நிலைதான், முழுதாகச் சுகப்படுத்தத்தான் இத்தனை பாடும் என்று டாக்டர் சொன்னார். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நீங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். பையை நீட்டினீர்கள், கையைத் தொடவில்லை. போகும்போது திரும்பியும் பார்க்கவில்லை. பஸ் போய்விடும் என்ற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரலாம். எப்போது வருகிறீர்கள்?

வினோஜன் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளச் சொல்லி முடிக்கும்,
சுதர்ஷினி

---

மேல் லயம்,
பொகவந்தலாவை.
29.02.2024

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

அழகன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். உன் நலத்துக்கு எந்த நேரமும் சாமி கும்பிடுகிறோம்.

இங்கே மழை இல்லை. பனி விழுந்து கொழுந்து கருகிவிட்டது. பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று. சிறுத்தைப்புலி வந்து கீழ் லயத்து நாயைத் தூக்கிவிட்டது. சர்மிளா நன்றாகச் சமைக்கிறாள், உப்புத்தான் கூட. வினோஜன் கணக்கில் அறுபத்தேழு. பிரேமினி மாட்டுக்குப் புல் அறுத்துத் தருகிறாள்.

வேலை எப்போதும்போல. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போடுகிறார்கள். அதனால் வர வசதிப்படவில்லை. தவறாக நினைக்காதே.

உன் சேலைகள், போர்வை எல்லாம் துவைத்து வைத்திருக்கிறேன். டாக்டர் சொல்வதைக் கேட்டு நட. சாப்பிடாமல் இருக்காதே.

இதற்கு மேல் எழுத வரவில்லை.
அழகன்

---

பெண்கள் வார்டு,
கொழும்பு.
10.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பசுவும் கன்றும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. புலியும் நலமாகத்தான் இருக்கும். நானும் இருக்கிறேன்.

இப்போது உடம்பு கொஞ்சம் படுத்துகிறது. வயிற்றால் போகிறது, நேற்று எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு தடவை. மூத்திரம் போகும்போது மிளகாய் அரைத்துத் தடவியது மாதிரி எரிகிறது. மருந்து ஏற்றிய மறுநாள் சோற்று வாசமே ஆகாது. இருபது கிலோ கொழுந்தைத் தலைக்கயிற்றில் மாட்டி மலை இறங்கினவள், இங்கே கட்டிலில் இருந்து கக்கூசு வரைக்கும் நடக்க இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்கிறேன். இரத்தம் குறைந்துவிட்டது என்று ஒரு வாரம் சிகிச்சையை நிறுத்தி, இரத்தம் ஏற்றினார்கள். பயப்பட வேண்டாம், இதெல்லாம் வருகிறதுதான், முடிந்ததும் பெரும்பாலும் போய்விடும் என்று மிஸ்ஸி சொல்கிறார். இந்த வார்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் இருப்பது என் அதிர்ஷ்டம். வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன்.

பக்கத்துக் கட்டில் றம்ஸியா ஹட்டன்காரி. தையல் வேலை. அவளுக்கும் என் வியாதிதான். அவள் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் விடியற்காலை பஸ் பிடித்துக் கஞ்சியோடு வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுகிறார். எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி கிடைக்கிறது. கஞ்சி நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிக் கோப்பைக்கு மேல் குடிக்க முடிவதில்லை.

நீங்கள் என் சேலைகளைத் துவைத்ததாக எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என் கைக்குட்டையைக்கூட நீங்கள் துவைத்ததில்லை. திடீரென்று போர்வை முதல் எல்லாவற்றையும் ஏன் துவைத்தீர்கள்? என் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னார்களா? அப்படி என்றால் நேராகச் சொல்லுங்கள். இது ஒட்டுகிற வியாதி இல்லை.

பதிலை எதிர்பார்த்து, வேறு ஒன்றும் எதிர்பார்க்காமல்,
சுதர்ஷினி

---

பெண்கள் வார்டு,
கொழும்பு.
13.03.2024

அன்புள்ள பிரேமினிக்கு,

அண்ணி எழுதுவது. நீ சுகமா? மாட்டுக்குப் புல் அறுக்கிறாயாமே, உன் கைக்குப் பொன் காப்புப் போட வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீ உங்கள் அண்ணனுக்குப் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிறாய், நடுவில் இருப்பது அரைச் சுவர். உனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது. அவருக்கு என்ன? குடிக்கத் தவறணைக்குப் போகிறாரா? வேறு யாராவதா? அல்லது என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் எழுது. வியாதியைத் தாங்கிக்கொண்டேன். இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. உனக்கு முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. மிட்வைஃப் மிஸ்ஸி கிளினிக்குக்கு வரச் சொல்லி மூன்று தடவை துண்டு கொடுத்தும் நீ போகவில்லை. நானும் உன்னை மாதிரித்தான், 'அந்த இடத்தை' யாருக்குக் காட்டுவது என்று ஆறு வருஷம் ஏமாற்றினேன். மாசக் கணக்கு இல்லாமல் இரத்தம் பட்டபோதும் உடம்புச் சூடு என்று வெந்தயம் தின்றேன். அன்றைக்குப் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டில் இல்லை. போ. ஐந்து நிமிஷ வேலை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணி,
சுதர்ஷினி

---

மேல் லயம்,
பொகவந்தலாவை.
22.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நல்லபடியாகச் சுகமாகி வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன். இங்கே பிள்ளைகள் சுகம், மாடு சுகம். அண்ணன்தான் சுகம் இல்லை. சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னிடம் சத்தியம் வாங்குகிறவரை என்ன சொல்வது, அண்ணி.

அண்ணன் இப்போது களைக்கு மருந்து அடிக்கும் வேலைக்குப் போவதில்லை. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே மருந்து டாங்கியை, வேலை பிரிக்கிற கண்டாக்கையாவின் காலடியில் வைத்துவிட்டு, "ஐயா, என்னய கவாத்துக்கு மாத்துங்க, இல்லாட்டி பேர வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது கவாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டப் போகிறார். மருந்தடிக்கும்போது போட்ட சட்டை, பூட்ஸ் எல்லாவற்றையும் வாழைக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். வீட்டை மூன்று தடவை கழுவி, சுண்ணாம்பு அடித்தார். உங்கள் துணிகளைச் சோடா போட்டு அவித்தார். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்துப் படுக்கிறார். குளிரில் பல் அடிப்பது எனக்குக் கேட்கிறது.

போன வாரம் நான் பிடித்துக் கேட்டேன். "பதினோரு வருசம் அடிச்சேன் பிரேமினி. பீலியில தண்ணி ஐஸா கொட்டும். பாதி நாளு கைகால மட்டும் கழுவிட்டு அப்புடியே வந்து படுத்திருக்கேன். அவ மேல கைய போட்டிருக்கேன். எல்லா மருந்தும் அவ உள்ள போயிருச்சு. நாந்தான் அவளுக்கு இத குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அம்மா செத்த அன்றைக்கு மட்டும்தான்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்காவது போய்ப் பாருங்களேன் என்றேன். "ஒடம்புல ஊறிக் கெடக்கு. அவ இப்ப பச்சப் புண்ணா இருப்பா. நான் கிட்ட போகவா?" என்கிறார். அருவருப்பும் இல்லை, தவறணையும் இல்லை, அண்ணி. பைத்தியக்காரத்தனம்தான்.

கிளினிக்குக்குப் போகிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற ஐந்து நிமிஷத்தை நான் நம்பவில்லை.

சத்தியத்தை உடைத்த கையோடு முடிக்கும்,
பிரேமினி

---

பெண்கள் வார்டு,
கொழும்பு.
30.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

பிரேமினி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள், அவள் எழுதியிராவிட்டால் நான் உங்களைத் தப்பாகவே நினைத்துக்கொண்டு கிடந்திருப்பேன். கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு பசி வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் தட்டுச் சோறு முழுவதும் சாப்பிட்டேன்.

நேராக டாக்டரிடமே கேட்டேன். மிஸ்ஸி மொழிபெயர்த்தார். நீங்கள் அடித்த மருந்தால் இந்தப் புற்றுநோய் வரவில்லை. முகமூடி இல்லாமல், குளிக்காமல் இருந்தது உங்கள் உடம்புக்குத்தான் கூடாது, அதற்கு டாக்டர் உங்களைத் தனியாகத் திட்டினார். ஆனால் என் வியாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இத்தோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால், "அப்படியென்றால் எதனால்?" என்று இஸ்தோப்பில் படுத்து யோசிப்பீர்கள். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். முதல் வாரமே மிஸ்ஸி எனக்குச் சொல்லிவிட்டார், நான்தான் உங்களுக்கு மறைத்தேன்.

இதை உண்டாக்குவது ஒரு கிருமி. ஆணும் பெண்ணும் சேர்வதால் வருவது. குடும்பம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வந்திருக்கும், சளி, தடிமன் மாதிரி வந்த தடம் தெரியாமல் போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் பத்து, இருபது வருஷம் உள்ளே கிடந்து இப்படி ஆகும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கெட்டு அலைகிறவர்களுக்குத்தான் வரும் என்பதும் பொய்.

இதை எழுதினால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்களோ, இல்லை நான் உங்களைச் சந்தேகப்படுவதாக நினைப்பீர்களோ என்று பயந்தேன். உங்களைத் தவிர நான் யாரையும் அறியேன், அது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இன்னும் மூன்று தடவை உள்ளே குழாய் வைக்க இருக்கிறது. ஒரு ஞாயிறாவது வாருங்கள். உங்கள் உடம்பில் ஒன்றும் ஊறவில்லை.

வாசலைப் பார்த்தபடி,
சுதர்ஷினி

---

உடப்புசல்லாவை.
28.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ராசம்மா அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். அக்காவும் அத்தானும் சுகம், நானும் தேறி வருகிறேன். உங்களுக்கும் சுகம் உண்டாகட்டும்.

சிகிச்சை முடிந்தது. அந்தக் குழாய் சமாச்சாரம்தான் கஷ்டம். மயக்க ஊசி போட்டு வைக்கிறார்கள், பிறகு அசையாமல் கிடக்க வேண்டும். றம்ஸியாவும் நானும் கூரையில் இருந்த பல்லிகளுக்குப் பேர் வைத்துப் பொழுதைப் போக்கினோம். கடைசி நாள் டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி தட்டுப்படவில்லை, நன்றாகக் கரைந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்வார்களாம். இருந்தாலும் எனக்கு அன்றைக்கே பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது.

வருஷப்பிறப்பு லீவில் பிரேமினி பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டாள். சர்மிளா என் கையை விடவே இல்லை. வினோஜன் என் முடி கொட்டவில்லையே என்று ஏமாந்து போனான், கூட்டாளிகளிடம் மொட்டை என்று சொல்லி வைத்திருந்தானாம். எனக்குப் போட்ட மருந்துக்கு முடி அவ்வளவாகக் கொட்டாது என்று சொன்னேன்.

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு ஞாயிறும் வரவில்லை. மருந்தால் இல்லை என்று சொன்னேன், அதற்குப் பிறகும் ஏன்? அக்கா என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தபோது நான் மறுக்கவில்லை. நம் வீட்டுக்கு வர ஆசைதான். யார் வீட்டுக்கு வருவது? இஸ்தோப்பில் படுக்கும் மனிதர் வீட்டுக்கா?

நீங்கள் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வரமாட்டேன்.

சுதர்ஷினி

---

மேல் லயம்,
பொகவந்தலாவை.
15.05.2024

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

அழகன் எழுதுவது. கட்டி கரைந்தது என்று படித்தேன். அன்றைக்கே மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். பிள்ளைகள் நலம். மழை பிடித்துவிட்டது.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

மருந்தால் இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. அரை மணி நேரம் இருந்தது. பிறகு கிருமி பற்றி எழுதியதைப் படித்தேன்.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் சோற்றுக் கடையில் இரண்டு வருஷம் நின்றேன், தெரியும்தானே. அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. கட்டுகிற நினைப்பில்தான் பழகினேன். அவள் வேறு இடம் போய்விட்டாள். உனக்குச் சொல்லவில்லை. இருபது வருஷம் சொல்லவில்லை.

மருந்து என்றால் வேலை, வயிற்றுப் பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது. எப்படிப் பார்த்தாலும் நான்தான். நீ யாரையும் அறியாதவள் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீ அக்காவிடம் இருப்பது நல்லது. உன் பக்கத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை. கோபம் இருந்தால் எழுது. திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அழகன்

---

உடப்புசல்லாவை.
21.05.2024

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாள் பீலியடியில் உங்கள் தங்கச்சி சொல்லிவிட்டாள். நீங்கள் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது, இப்போது முப்பத்தைந்து, வாய் மட்டும் வளரவே இல்லை. சோற்றுக் கடையில் மரக்கறி வெட்டுகிற பெண், கன்னத்தில் மச்சம் என்பதுவரை சொன்னாள். நான் ஒரு வாரம் அழுதேன். தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்து நீங்கள் கொத்தமல்லி காய்ச்சிக் கொண்டுவந்து ஊதி ஊதிக் கொடுத்தீர்கள். அதைக் குடித்து முடிக்கும்போது கோபமும் முடிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் மன்னித்து மறந்த ஒன்றுக்கு நீங்கள் இப்போது குளிரில் கிடக்கிறீர்கள்.

கிருமி அவளிடமிருந்து வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வது? கொடுக்கிறோம் என்று தெரிந்து யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு மாசக் குளிப்பு நின்றுவிட்டது, இனி வராது. நடு மழையிலும் உடம்பு திடீரென்று கொதிக்கிறது. கதிர் பட்ட இடம் உள்ளே சுருங்கி ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாமல் இருக்க வழவழப்பான ஒரு குழாயைக் கொடுத்து, களி மருந்து பூசி, வாரத்துக்கு மூன்று தடவை வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மாட்டுப் பட்டிக்குப் போகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன். முதல் தடவை அழுதேன். வலி பாதி, யாருக்காக இதைச் செய்கிறேன் என்ற நினைப்புப் பாதி. டாக்டருக்கு இனி உள்ளே பரிசோதிக்க வழி வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். எனக்காகவும் வேண்டும் என்று சொன்னார். இரண்டு மாதம் போனால் புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாம், மெதுவாக, அவசரப்படாமல் என்றும் சொன்னார்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பிழைத்துவிட்டேன். இனி நான் உங்களுக்குப் பெண்டாட்டியா, தூர நின்று தேங்காய் உடைக்கிற சாமியா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். உங்களால் முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். செத்துப்போக மாட்டேன், அதற்கு வந்த வாய்ப்பையே விட்டுவிட்டேன். ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சுதர்ஷினி

---

மேல் லயம்,
பொகவந்தலாவை.
06.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் ராசம்மா அக்கா வீட்டாரும் சுகமாக இருக்கப் பிரார்த்தனை. நான் சுகம், அதுவும் முத்திரை குத்திய சுகம். போன மாதம் கிளினிக்கில் எடுத்த பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் என்றீர்கள், மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

நேற்றுப் புதன்கிழமை அந்த முடிவை வாங்கத்தான் போயிருந்தேன். வாங்குப் பலகையில் வரிசையாக இருபது பொம்பளைகள். கைக்குழந்தைக்காரிகள் பாதி, வயிற்றுக்காரிகள் பாதி. திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்க்கிறேன், வாசலில் அண்ணன்! கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வழிகிறது. என்னைத் தேடித்தான் வருகிறார், வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று பதறிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துண்டு வாங்கினார். பதினேழாம் நம்பர். வாங்கு நுனியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்காயி அக்காவால் சும்மா இருக்க முடியுமா? "என்ன அழகா, எத்தன மாசம்?" என்றாள். வாங்கே குலுங்கியது. அண்ணன் காது வரைக்கும் சிவந்து போனார், எழுந்து போகவில்லை.

பதினேழைக் கூப்பிட்டார்கள். உள்ளே அறை என்று பேர், இருப்பது ஒரு திரைச்சீலை. மூச்சு விட்டாலும் வெளியே கேட்கும். மிட்வைஃப் மிஸ்ஸி, "என்னங்க, யாருக்கு?" என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் சொன்னார்.

"மிஸ்ஸி, என் பொஞ்சாதிக்கு கேன்சர் சொகமாயிருச்சு. வீட்டுக்கு கூட்டிட்டு வரப் போறேன். அவளுக்கு வலிக்காம நான் எப்புடி நடந்துக்கணும்னு தெரியல. இதெல்லாம் யாருகிட்ட கேக்குறதுன்னும் தெரியல. நீங்க சொல்லிக் குடுங்க."

யாரும் சிரிக்கவில்லை, அண்ணி. ராக்காயி அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். மிஸ்ஸி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியதால் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. அவசரப்படக் கூடாது, களி பூச வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும், தொட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மிஸ்ஸி, சரிங்க மிஸ்ஸி" என்றார். வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார்.

இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

அன்பு நாத்தனார்,
பிரேமினி

---

மேல் லயம்,
பொகவந்தலாவை.
08.06.2024

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

நாங்கள் நலம். உன்னை நலமாகவே பார்க்கப் போகிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். பெண்டாட்டி.

15ஆம் தேதி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் உடப்புசல்லாவைக்கு வருகிறேன். பையை நான் தூக்குகிறேன். இஸ்தோப்பில் இப்போது விறகு அடுக்கி வைத்திருக்கிறேன், அங்கே ஆள் படுக்க இடம் இல்லை.

அழகன்

---

பெண்கள் வார்டு,
கொழும்பு.
29.07.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். இந்த முறை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

முடிவை இன்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டேன். படத்திலும் ஒன்றும் இல்லை, பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். நீங்கள் பாறைமேல் நின்று போட்ட சத்தம் போன் இல்லாமலே கொழும்புக்குக் கேட்டிருக்கும். பின்னால் நாய் குரைத்ததும் கேட்டது. நாளை மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகலாம். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நானே வந்துவிடுவேன் போலிருக்கிறது. அப்படியானாலும் பைஸர் நானாவிடம் போய் வாங்கிப் படியுங்கள், இதில் வாயால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நீங்கள் என்னை விட வந்தபோது கட்டில் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். றம்ஸியாவும் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள், அவளுக்கும் நல்ல முடிவுதான். "இவரா அந்த வராத மனுசன்?" என்று கேட்டாள். இவர்தான் என்றேன். அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்த கஞ்சியை நேற்றுக் கோப்பை முழுவதும் குடித்தேன்.

இன்று டாக்டர் மிஸ்ஸியை வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாம் எப்படி, அந்த விஷயத்தில் கஷ்டம் உண்டா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பரவாயில்லை, சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லி மிஸ்ஸி எழுதிக்கொண்டார்.

மச்சான், இந்த மாதம் ஒரு நாள் நீங்கள் பாதியில் நிறுத்தி, என் காதுக்குள், "வலிக்குதா?" என்று கேட்டீர்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டீர்கள். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கச்சி விழித்துக்கொண்டு இருமியதால் நான் வாயைத் திறக்கவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

வலித்தது, கொஞ்சம். போங்கள் என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

உங்கள் பெண்டாட்டி,
சுதர்ஷினி